ஃபார்முலா குடியிருந்த வீடு

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித் தீவன மில்லில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. பன்னிரண்டாவது வரை படித்தவள். கம்ப்யூட்டரை வேலைக்கு வந்த பிறகுதான் தொட்டேன். ஆட்களோடு பேசுவதைவிட அதோடு உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நாம் பதில் சொல்லத் தாமதித்தால் அது "ஏன் அம்மிணி, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்காது. எங்கள் முதலாளி கேட்பார்.

முதலாளியும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்திய மில் அது. போன ஐப்பசியில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கரண்டி, கயிறு, கட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை வரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் ஒரு வழி செய்தார்கள். அறை யாருக்கோ, அறைக்குள் இருப்பதும் அவருக்கே. எதையும் எடுக்கக்கூடாது, எதையும் வைக்கக்கூடாது. மில்லும் முன்பக்க ஆபீசும் அண்ணனுக்கு. பின்பக்கத்து வீடும் அதோடு ஒட்டிய ஸ்டோர் ரூமும் தம்பிக்கு. கோழி ஷெட்டுகள் ஆளுக்குப் பாதி. நடுவில் ஒரு சுவர் எழுந்தது. கொத்தனார் நல்ல வேலைக்காரர். யாரும் எடுக்கச் சொல்லாத எதையும் எடுக்க மாட்டார். குறுக்கே போன குழாய், கம்பி, ஒயர் எல்லாவற்றையும் அப்படியே விட்டு, சுற்றிச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்.

சுவர் காய்வதற்குள் முதலாளிக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஃபார்முலா தம்பி கையில் கிடைத்துவிடும் என்ற பயம்.

ஃபார்முலா என்றால் தீவனக் கலவையின் அளவு. ஒரு டன்னுக்கு மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, தவிடு, சுண்ணாம்புக் கல்மாவு, உப்பு, வைட்டமின் எவ்வளவு என்ற கணக்கு. கோழி டாக்டர் மாதம் இரண்டு முறை வந்து, கோழியின் வயசையும் வெயிலையும் பார்த்து அதை மாற்றித் தருவார். சோளம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் கோழி மன்னிக்கும். கல்மாவு தப்பினால் முட்டை ஓடு காகிதமாகிவிடும், அட்டையில் அடுக்கும்போதே உடையும்.

அதனால் முதலாளி காகிதத்தில் இருந்த எல்லா ஃபார்முலாவையும் கொண்டுவரச் சொல்லி, டீ போடும் அடுப்பில் தன் கையாலேயே போட்டு எரித்தார். செல்போனில் யாரும் படம் எடுக்கக்கூடாது என்றார். டாக்டர் வந்தால் நேராக மிக்ஸர் அறைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டுப் போக வேண்டும்.

"ஃபார்முலா கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது. கம்ப்யூட்டர் என்னோட ரூமுல இருக்குது. ரூமுச் சாவி என்ற இடுப்புல இருக்குது. இனி எவன் எடுப்பான்?" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். நானும் தலையாட்டினேன். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பங்குனி பிறந்து வெயில் ஏறிய ஒரு காலையில் மிக்ஸர் அறைக்காரர் என் மேஜைக்கு வந்தார். மிக்ஸர் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். அந்தச் சத்தத்தோடேயே வாழ்ந்து, பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"அக்கா! ஃபார்முலா தொறக்க மாட்டீங்குது. ஒரு வட்டம் சுத்திச் சுத்தி வருதுங்க."

போய்ப் பார்த்தேன். ஃபார்முலா என்ற ஃபோல்டர் அங்கேதான் இருந்தது. அழுத்தினால் வட்டம் சுற்றியது. மற்றதெல்லாம் நன்றாகத் திறந்தன. இதற்குள் முதலாளி வந்துவிட்டார். கம்ப்யூட்டர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நிறுத்திப் போடுவது. மிக்ஸர் அறைக் கம்ப்யூட்டரின் முன்னால் நான் நின்றிருந்ததால், ஆபீஸ் அறையில் இருந்ததில் போய் வைத்தியம் பார்த்தார். அதிலும் அதே ஃபோல்டர் உண்டு. அது நின்று, மறுபடி உயிர் வந்து, ஃபோல்டரும் சட்டென்று திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டான்!" என்றார் முதலாளி. யார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கை சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரக் கேட்டரலாங்களே," என்றேன் மெதுவாக.

டாக்டருக்கு போன் போட்டார். டாக்டரின் வீட்டம்மா எடுத்தார். டாக்டர் பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கிறார், செல்லை வீட்டிலேயே வைத்துவிட்டார். சாமியை நினைத்து நடக்கும்போது கோழியைப் பற்றிக் கூப்பிடுகிறார்களாம்.

"தீவனம் எதுவரைக்கும் வரும்?" என்றார் முதலாளி.

"சாயங்காலம் போட்டா ஷெட்டுல சுத்தமாக் காலிங்க," என்றார் மிக்ஸர் அறைக்காரர். "வெயில் காலம். ஒரு வேளை தவறுச்சுன்னா முட்டை நின்னு போயிருங்க. அப்புறம் கோழியக் கும்புட்டாலும் போடாது."

முதலாளி டாக்டர் வீட்டில் ஏதாவது எழுதி வைத்திருப்பாரா என்று பார்க்க நாமக்கல்லுக்கு வண்டியை எடுத்தார். போகும்போது என்னிடம், "அம்மிணி, அந்தக் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்த பையனக் கூப்புட்டுப் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் பேசுவது என்றாலே எனக்குப் பயம். அதுவும் மிக்ஸர் அறைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது.

அந்தப் பையன் சேலத்துக்காரர். வைரஸ் தொல்லை தாங்காமல் எங்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனியில் இருக்கிறார். எடுத்தவுடன் நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"அக்கா, கல்யாணப் பந்தில உக்காந்திருக்கேன். சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றில் வட்டம் சுற்றுகிறது, இன்னொன்றில் காலி என்றேன்.

"ஒன்னும் போகலீங்க்கா, பயப்படாதீங்க. சுத்தற மெஷின மட்டும் ஆஃப் பண்ணீராதீங்க. கட்டளை அடிக்கற கறுப்பு ஜன்னல் ஒன்னு தொறங்க. டி, எஃப்னு அடிங்க. ஒரு எடம் உட்டு அந்த ஃபோல்டர் பேரு. அந்த ஃபோல்டர் நெசமா எங்க இருக்குதுன்னு அது சொல்லும்."

அடித்தேன். கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"ஒன்னும் சொல்லலீங்க."

"சொல்லலியா? அப்ப அது இருக்கற மெஷின் ஆஃப்ல இருக்குது. டி எஃப் அங்க போய்க் கேக்கும். அது வாயத் தொறக்கற வரைக்கும் இதும் அசையாது."

"இருக்கற மெஷின்னா? இதுதானுங்களே?"

"இல்லீங்க்கா. உங்களுக்குத் தெரியறது வெறும் கதவு. அதுக்கு உள்ள இருக்கற ரூமு வேறொரு மெஷின்ல இருக்குது. மிக்ஸர் ரூமுல கதவு இன்னும் மாட்டியிருக்குது, அக்கட்டால ஆள் இல்ல, அதான் தட்டிட்டே நிக்குது. ஆபீஸ்ல ஆஃப் பண்ணிப் போட்டதுல கதவே கழண்டு போச்சு. வெறும் செவுரு தெரியுது. அண்ணா, ரசம் போதுங்ண்ணா."

கடைசியில் சொன்னது எனக்கில்லை.

"அந்த ஜன்னல அப்படியே உட்டுட்டு இன்னொன்னு தொறங்க்கா. மவுண்ட்னு அடிங்க. அது யாரையும் போய்க் கேக்காது. தன்கிட்ட இருக்கறத மட்டும் சொல்லும்."

அடித்தேன். திரை முழுக்கக் கொட்டியது. முதல் வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம்போட்டுப் படிக்க ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் மற்றவர் முன்னால் அத்தனை நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னங்க்கா, மந்திரம் ஓதறீங்க?" என்றார் மிக்ஸர் அறைக்காரர். "இதுல கோழிக்கு என்னங்க இருக்குது?"

"எல்லாத்தையும் படிக்க வேண்டாங்க்கா," என்றார் பந்தியில் இருந்தவர். "ஃபார்முலான்னு வர்ற வரியப் பாருங்க. அதோட ஆரம்பத்துல நம்பர் இருக்குதா?"

இருந்தது. புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்கள்.

"அதான் விலாசம். அந்த நம்பரு எந்த மெஷினுக்கு இருக்குதோ அதுக்குள்ள இருக்குது உங்க ஃபார்முலா."

"எந்த மெஷினுங்க அது?"

"எத்தனையோ ஊர்ல போட்டுக் குடுத்துட்டேங்க்கா, ஞாபகமில்ல. ஒவ்வொன்னா பாருங்க. ஒன்னும் ஒத்து வரலைன்னா ஒயரப் புடிச்சுட்டே போங்க. பாயாசம் வருது, அப்புறம் கூப்புடறேன்."

எண்ணைப் பார்க்கும் வழியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மிக்ஸர் அறையில் இருப்பது, ஆபீசில் இருப்பது, முதலாளியின் அறையில் சும்மா சீட்டு விளையாடுவதற்கென்றே இருப்பது, மூன்றையும் பார்த்தேன். ஒன்றின் எண்ணும் ஒத்துவரவில்லை. நாலாவது கம்ப்யூட்டர் எங்கள் மில்லில் கிடையாது.

ஒயரைப் பிடித்தோம். ஆபீஸ் மூலையில் பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. எல்லாக் கம்ப்யூட்டர் ஒயரும் அதில்தான் வந்து செருகும். மூன்று ஒயர் மூன்று கம்ப்யூட்டருக்குப் போயின. இன்னொன்று மிச்சம் இருந்தது. அதன் விளக்கு மட்டும் எரியவில்லை. மிக்ஸர் அறைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, ஒட்டடையோடு அதைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். ஒயர் உத்தரத்தோடு போய், வளைந்து, கீழே இறங்கி, புதுச் சுவருக்குள் நுழைந்தது. கொத்தனார் அதைச் சுற்றி அழகாகப் பூசியிருந்தார்.

ரெண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா," என்றார் அவர். அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "ஃபார்முலா அந்தூட்லதான் இருக்குதுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய ஸ்டோர் ரூமில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. திரை இல்லை, விசைப்பலகை இல்லை. எப்போதும் லேசாக முனகிக்கொண்டிருக்கும். நான் அதை ஸ்டெபிலைசர் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்தில் போனால் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கியே நடந்திருக்கிறேன். அந்த அறை தம்பி பங்குக்குப் போனது. அறைக்குள் இருப்பதும் அவருக்கே.

"நீங்க போய்க் கேட்டுட்டு வாங்களே," என்றேன்.

"நானா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து மிக்ஸர்ல போட்டு அரைச்சுப் போடுவாருங்க. நீங்க பொம்பளை ஆளு. அடுப்படி வழியாப் போனா யாரும் ஒன்னுஞ் சொல்ல மாட்டாங்க."

சுவர் வந்த பிறகு அந்தப் பக்கம் போவது எங்களுக்குள் எழுதாத தடை. முதலாளியைக் கேட்கலாம் என்றால் கேட்ட நொடியிலேயே வேண்டாம் என்பார். சாயங்காலம் ஆகிவிடும். ஷெட் வரிசையிலிருந்து கோழிகளின் இரைச்சல் காற்றோடு வந்துகொண்டிருந்தது. கிளம்பினேன். ரோட்டுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "உங்க ஊட்ல ஒரு கறுப்புப் பொட்டி இருக்குதுங்களா?" ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் திருட வந்தவள் கேட்பதுபோல் இருந்தது.

தம்பியின் மனைவி வாசலில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அட, அக்கா! வழி தெரிஞ்சுதா? வாங்க வாங்க. மோர் குடிக்கறீங்களா?"

என் வாக்கியம் மறந்துவிட்டது. "மோர் குடிக்கறேங்க," என்றேன்.

உள்ளே கூட்டிப்போனார். ஸ்டோர் ரூமின் கதவை எடுத்துவிட்டு அதை அடுப்படியோடு சேர்த்திருந்தார்கள். மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. மேலே ஒரு பழைய துண்டு விரித்து, துண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் தக்காளி. நான் மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

"அதா? பங்குல வந்ததுங்க. என்னன்னே தெரியல. ஆனா நல்ல பொட்டிக்கா. எந்நேரமும் சூடாவே இருக்கும். மார்கழிக் குளுருக்கு மாவு பொங்கவே பொங்காதில்லீங்க? அது மேல சட்டிய வெச்சா விடியறதுக்குள்ள வழிஞ்சு நிக்கும். எங்கம்மா ராசிபுரத்துலருந்து வந்து இட்லியத் தின்னுட்டு, எனக்கும் ஒன்னு வாங்கிக் குடுன்னாங்க."

"இப்ப ஓடலீங்களே?"

"வெயில் வந்திருச்சில்லீங்க. இனியும் அது மேல வெச்சா மாவு புளிச்சு நாறிப் போகுது. நேத்துத்தான் புடுங்கி உட்டேன். இனி ஐப்பசில போட்டாப் போதும்."

எங்கள் மில்லின் ஃபார்முலா, முதலாளி காகிதத்தையெல்லாம் எரித்துக் காப்பாற்றிய ஃபார்முலா, ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் தம்பி வீட்டு இட்லி மாவுக்கு அடியில் இருந்திருக்கிறது. மிக்ஸர் அறையில் டாக்டர் உட்கார்ந்து அடித்த ஒவ்வொரு எண்ணும் சுவருக்குள் புகுந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். கோழிக்குத் தீவனம் இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அவரும் கோழிக்காரர் வீட்டுப் பெண். தக்காளிக் கூடையை இறக்கிவைத்து, பிளக்கைச் செருகி, ஸ்விட்சைப் போட்டார். நான் காட்டிய பொத்தானை அழுத்தினார். பெட்டி ஒரு தடவை இருமிவிட்டு முனக ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தார். வெயிலில் வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. போய் ஸ்விட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"அப்ப இத அமுத்துனா எங்கண்ணன் மில்லு நின்னுருமா?"

"நின்னுருங்க," என்றேன்.

"இது என்ற பங்குதானே? ரூமுக்குள்ள இருக்கறது ரூமுக்காரனுக்கு. பெரியவங்க சொன்னதுதானே?"

"ஆமாங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. லேசாகச் சிரித்தார். அண்ணன் இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டிய கதை இந்தப் பக்கமும் வந்திருக்கும்போல. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு செம்பைப் பார்த்துச் சொன்னேன். "கோழி என்னங்க பண்ணுச்சு? அதுக்கு அண்ணன் கோழி தம்பி கோழின்னு தெரியுமுங்களா? சாயங்காலத்தோட தீவனம் தீர்ந்துருமுங்க. நீங்களும் அந்த ஷெட்டுல நின்னு தீவனம் போட்டவருதானுங்களே. உங்களுக்கு அமுத்தோணும்னா நாளைக்கு அமுத்திக்கங்க."

அவர் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் இத்தனை பேசுவேன் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

"அட சாமி, நான் அமுத்தலைக்கா," என்று தம்பி கையை எடுத்தார். "சும்மா தொட்டுப் பாத்தேன். அண்ணன எங்கியாச்சும் தொட முடியுதுங்களா இப்பல்லாம்?"

அப்போது சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது. அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா! வந்திருச்சுங்க! காத்தாலைலருந்து கம்முன்னு நின்ன கறுப்பு ஜன்னல் தானாப் பேசிருச்சுங்க! ஃபோல்டரும் தொறந்திருச்சு! இதுதானுங்களா பாருங்க! மக்காச்சோளம் ஐநூத்து எம்பது கிலோ!"

"கத்தாதீங்க," என்றேன். என் குரல் அடுப்படி வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"என்னங்க? கேக்கல! சோயா இருநூத்தி முப்பது! கல்மாவு தொண்ணூறு!"

தம்பி சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்தார். எதையோ திறந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். சுவருக்கு மேல் ஒவ்வொரு சரக்கின் பேரும் வர வர, இங்கே அவர் "ம்... சரி... ம்... சரி" என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். உப்பு வரைக்கும் ஆட்டினார்.

"நம்ம டாக்டர் போன வாரம் எனக்கு அனுப்புனது. இத வெச்சுத்தான் வெளி மில்லுல அரைச்சு வாங்கறேன்," என்று செல்லை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு பேரு கோழியும் ஒரே வயசு, ஒரே வெயிலு. அவரு எதுக்குங்க ரெண்டு கணக்குப் போடறாரு?"

பார்த்தேன். ஒரு கிலோகூட மாறவில்லை.

அதற்குள் பாயாசம் முடித்தவர் கூப்பிட்டார். ஃபார்முலாவை மிக்ஸர் அறைக் கம்ப்யூட்டருக்கே நகல் எடுத்துவிடச் சொன்னார். தம்பி, "எடுத்துக்கங்க, அதுவரைக்கும் ஓடட்டும்" என்றார். "ஆனாப் பொட்டி என்னுது. ஐப்பசில மாவுக்கு வேணும்." நான் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடி, சொன்னபடி அடித்தேன். நகல் எடுத்ததும் மறுபடி டி எஃப் போட்டுப் பார்க்கச் சொன்னார். இந்தத் தடவை கேட்ட உடனே பதில் வந்தது. வரியின் ஆரம்பத்தில் எண் எதுவும் இல்லை. இந்தக் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்கின் பேர்தான் இருந்தது.

முதலாளி வெறுங்கையோடு வந்து இறங்கினார். மிக்ஸருக்குள் சோளம் விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"எங்க இருந்துச்சு அம்மிணி?"

பொய் சொல்ல எனக்கு வராது. "செவுத்துக்கு அக்கட்டாலீங்க. பழைய ஸ்டோர் ரூமு பொட்டிலீங்க."

மலர்ந்தது வாடியது. "அங்கியா! அத்தன நாளும் அங்கியா இருந்துச்சு? அவன் பாத்தானா?"

"அந்தப் பொட்டிக்குத் திரையே இல்லீங்க. பாக்க முடியாதுங்க. மேல மாவுச்சட்டி வெச்சிருந்தாங்க."

"இப்ப?"

"இப்ப இங்கியே எடுத்து வெச்சாச்சுங்க."

முதலாளி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "நல்லவேளை. அவன் கையில மட்டும் கெடச்சிருந்தா!"

"அப்புறம் ஒன்னுங்க," என்று ஆரம்பித்தேன். நிஜமாகவே சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதே நேரம் மிக்ஸர் அறைக்காரர் இயந்திரத்தை ஓட்டினார். தரை அதிர்ந்தது. முதலாளி காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன அம்மிணி? சத்தமாச் சொல்லு!"

சத்தமாகச் சொல்வதற்கு அன்று என்னிடம் இருந்ததையெல்லாம் அந்த அடுப்படியிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

"ஒன்னுமில்லீங்க," என்றேன். அது அவருக்குக் கேட்டது. தலையாட்டிவிட்டு, கலந்து வந்ததும் தீவனத்தை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்து, "இந்த வாசம் வேற எவன் மில்லுல வரும்?" என்று கத்தினார். மிக்ஸர் அறைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கல்மாவு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டேன். வெயில் சாய்வதற்குள் முதல் வண்டி மூட்டைகளோடு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டது.